சரிவான விளிம்பில் மோதும் துடிப்பு: சிமுலேஷன் குறிப்புகள்

மின்காந்தத் துடிப்பை ஒரு மின்காப்புப் பொருள்மேல் மோதவிட்டு, திரும்பி வருவதைப் பார்க்கும் நிரல் ஒரு பரிமாணத்தில் நன்றாக ஓடுகிறது. 1966இல் கேன் யீ என்ற ஆய்வாளர் சொன்ன அதே வலைதான், இடத்தைச் சிறு கட்டங்களாகவும் காலத்தைச் சிறு படிகளாகவும் வெட்டுவது: மின்புலமும் காந்தப்புலமும் அரைக் கட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கும், மாறி மாறிக் கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும். பைத்தானில் முக்கிய லூப் சில வரிகள்தான்.

கட்டம் 3 மில்லிமீட்டர், காலப்படி 10 பிக்கோ வினாடி. காற்றில் ஒளி ஒரு படிக்கு ஒரு கட்டம் நகர்வதால் துடிப்பு உருக்குலையாது. ஓரத்தில் அலையை உறிஞ்சவும் பக்கத்துக் கட்டத்தின் முந்தைய மதிப்பை நகலெடுத்தாலே போதும்.

முதலில் சீரான பலகை: 30 செ.மீ. தடிமன், ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினை, வெற்றிடத்துக்கு 1) 4. துடிப்பு காஸியன் (மணி வடிவ வளைவு), பாதி உயரத்தில் அகலம் 0.4 நானோ வினாடி. முன்முகத்தில் மூன்றில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பியது. 4 நானோ வினாடி கழித்துப் பின்முக எதிரொலி, நேராக, 0.296 உயரத்தில். தாளில் போட்டால் 8/27. சரி, நம்பலாம்.

அப்புறம் பலகைக்கு முன்னால் 15 செ.மீ. நீளத்துக்கு விடுதிறனை 1இலிருந்து 4 வரை நேர்கோடாக ஏற்றினேன். சரிவு வைத்தால் எதிரொலி போய்விடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். போகவில்லை, நீண்டுவிட்டது. உயரம் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே. ஆனால் சட்டென்று இறங்கி, ஒன்றரை நானோ வினாடிக்கு வால் இழுத்தது. வளைவின் பரப்பைக் கூட்டினால் வந்த துடிப்பின் பரப்பில் அதே மூன்றில் ஒரு பங்கு! காஸியனில் பூஜ்ய அதிர்வெண் வரை ஆற்றல் இருக்கிறது. அவ்வளவு நீண்ட அலைக்கு 15 செ.மீ. சரிவும் செங்குத்துச் சுவரும் ஒன்றுதான். வால் வருவதற்கும் காரணம் உண்டு: நேர்கோட்டு ஏற்றத்தில் விடுதிறன் 1 அருகேதான் விகித மாற்றம் (இருக்கும் மதிப்போடு ஒப்பிட்ட ஏற்றம்) அதிகம், உள்ளே போகப் போகக் குறைகிறது.

அதே சரிவில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைத்தொடரை விட்டால் கதை வேறு. திரும்பியது 2 சதவீதம் அளவுதான், அதுவும் சரிவு தொடங்கும் முனையிலிருந்து. அந்த முனையைக் கொசைன் வளைவாக மழுக்கியதும் எதிரொலி வரைபடத்தில் கண்ணுக்கே தெரியவில்லை.

இப்போது இரு பரிமாணம்: மையம் விலகிய அடர்ந்த உள்ளகம் கொண்ட உருளை. இங்கே காலப்படி, ஒளி ஒரு கட்டம் கடக்கும் நேரத்தில் 0.707 மடங்கைத் தாண்டக் கூடாது. கட்டத்தைப் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்கு. ஓரத்துக்கு பெரெஞ்சே 1994இல் வெளியிட்ட உறிஞ்சு அடுக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் முதலில் சீரான உருளை. அதற்குத் தொடர் வடிவில் துல்லியமான தீர்வு இருக்கிறது. அது ஒத்துவந்த பிறகுதான் உள்ளகத்தை வைப்பேன்.