5 மில்லிமீட்டரா, 5.08-ஆ? பழைய மில்லிங் மெஷினுக்கு வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வாங்கிய அனுபவம்

என் பட்டறையில் இருப்பது ஒரு பழைய பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெஷின்; டேபிளில் பூட்டிய உலோகத்தைச் சுழலும் கட்டரால் செதுக்கும் மெஷின். ஒருநாள், கட்டரின் பல் வெட்டிக்கொண்டு போகும் திசையிலேயே டேபிளையும் நகர்த்தினேன். கைப்பிடி என் பிடியில் இருக்கும்போதே டேபிளைக் கட்டர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. கட்டராகப் போட்டிருந்த 10 மில்லிமீட்டர் எண்ட்மில் இரண்டாக உடைந்தது. வேலைப்பொருளிலும் ஆழமாக ஒரு பள்ளம். டேபிள் எங்கே நிற்கிறது என்பதை டிஜிட்டல் ரீடவுட் காட்டிவிடும். ஆனால் டேபிளைப் பிடித்து நிறுத்த வேண்டியது லீட் ஸ்க்ரூவும் (கைப்பிடியைச் சுற்றினால் டேபிளை நகர்த்தும் நீளமான திருகு) அதன் வெண்கல நட்டும்தான். அந்த நட் தேய்ந்திருந்தது.

உடனே வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் நட் ஆர்டர் செய்தேன். மெஷின் பெயரையும், டேபிளை இட வலமாக நகர்த்தும் ஸ்க்ரூவுக்கான நட் என்பதையும் மட்டும் எழுதினேன். 1936-ல் ருடால்ஃப் பான்னோ வடிவமைத்து, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரில் தயாரான மெஷின் அல்லவா, இன்ச் அளவாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டேன். கைப்பிடி டயலில் பொறித்த எண்கள் தேய்ந்து அழிந்தே பல காலம் ஆகியிருந்தது. ரீடவுட் வந்த பிறகு அதைப் பார்க்கும் தேவையும் இல்லை.

பார்சல் சுங்கத்தில் சில நாட்கள் நின்றது. இன்வாய்ஸில் வெறும் ‘நட்’ என்று போட்டிருந்ததால், போல்ட்டில் மாட்டும் நட் என்று எடுத்துக்கொண்டு விளக்கம் கேட்டார்கள். படம் அனுப்பி, எதற்கான பாகம் என்று எழுதிக் கொடுத்து எடுத்து வந்தேன்.

நட்டை ஸ்க்ரூவில் ஏற்றினேன். இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவதில் லேசாக இறுகியது. அதற்கு மேல் நகரவே இல்லை. அழுக்காக இருக்கும் என்று மரையை (திருகு வரிகளை) மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிப் பார்த்தேன், அதே இடத்தில் நின்றது. அதன்பிறகுதான் வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். ஸ்க்ரூவின் தேயாத ஓரத்தில் பத்து மரைகளின் நீளத்தை அளந்தால் 50.0 மில்லிமீட்டர். இன்ச்சுக்கு 5 மரை உள்ள ஸ்க்ரூ என்றால் 50.8 வர வேண்டும். மரைக்கு மரை 0.08 தான் வித்தியாசம், கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் நட்டுக்குள் மரைகள் சேரச் சேர அதுவும் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு சுற்று போய்ப் பிறகு இறுகியதற்குக் காரணம் அதுதான். மரையின் இரு பக்கச் சரிவுகளுக்கு இடையிலான கோணம்கூட வேறு: அக்மி எனப்படும் இன்ச் மரைக்கு 29 டிகிரி, மெட்ரிக் மரைக்கு 30 டிகிரி. சீரியல் எண் பட்டையைத் துடைத்துப் படித்தபோது விஷயம் விளங்கியது. என்னுடையது இங்கிலாந்தில் லெஸ்டரில் தயாரானது, அதுவும் மெட்ரிக் ஸ்க்ரூவோடு.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையை அப்புறம் செய்தேன். கைப்பிடியை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, டேபிள் முனையில், நுண்ணிய நகர்வையும் காட்டும் டயல் கேஜை வைத்து இடமும் வலமும் தள்ளிப் பார்த்தோம். கைப்பிடி உள்ளே வெளியே ஆடுகிறதா என்பதையும் கவனித்தோம். ஆடினால் குற்றம் ஸ்க்ரூவின் முனையைத் தாங்கும் பேரிங்கில். அது ஆடவில்லை. டேபிள் நடுவில் இருக்கும்போது ஆட்டம் 0.9 மில்லிமீட்டர், இரண்டு ஓரங்களிலும் 0.3. நட் எல்லா இடத்திலும் ஒரே நட்தான். ஆகவே கூடுதலான அந்த 0.6 ஸ்க்ரூவின் தேய்மானம். எந்த மெஷினிலும் வேலை பெரும்பாலும் நடுவில்தான் நடக்கும், தேய்வதும் அங்கேதான். இந்த ஸ்க்ரூவுக்குப் புது நட் போட்டு நடுப்பகுதிக்கு ஏற்ப இறுக்கியிருந்தால் ஓரங்களில் பிடித்துக்கொண்டிருக்கும். அளவு சரியாக வந்திருந்தாலும் வெறும் நட் எனக்கு உதவியிருக்காது, ஸ்க்ரூவையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இரண்டாவது ஆர்டரில் மெஷின் பெயரைக் கடைசியில் எழுதினேன். முதலில் சீரியல் எண், பத்து மரையின் அளவு, விட்டம், மொத்த நீளம், இரு முனைகளிலும் உள்ள படிகளின் அளவு, சாவிக்குழியின் அகலம். பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படங்கள். மரை வலதா இடதா என்பதையும் சேர்த்தேன். இட வலமாக நகர்த்தும் ஸ்க்ரூவில் வலது மரை. முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்க்ரூவில் இடது மரை, கைப்பிடியை வலமாகச் சுற்றினால் டேபிள் நம்மை விட்டு விலக வேண்டும் என்பதற்காக. இதைச் சொல்லாமல் நட் கேட்பது வீண். விற்பனையாளர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: டேபிளின் நீளம்.

பேக்கிங்கைப் பற்றியும் கறாராக எழுதினேன். நீளமான ஸ்க்ரூவை அட்டைக் குழாயில் போட்டு அனுப்பினால் வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்தி எடுப்பது பெரும்பாடு. துருத்தடுப்பு எண்ணெய் பூசி, காகிதம் சுற்றி, மரப்பெட்டிக்குள் மூன்று இடங்களில் தாங்கல் கொடுத்து அனுப்பச் சொன்னேன். மரப்பெட்டி என்றால் ஐஎஸ்பிஎம் 15 (மரப் பேக்கிங் வழியே பூச்சிகள் பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை அவசியம். மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியதற்கு ‘HT’ என்று குத்தியிருக்கும். அது இல்லாவிட்டால் பெட்டி துறைமுகத்தோடு நின்றுவிடலாம். கூரியர் கணக்கையும் முன்பே போட்டுப் பார்த்தேன். 120 x 15 x 15 சென்டிமீட்டர் பெட்டியின் கன அளவை 5000-ஆல் வகுத்தால் 5.4 கிலோ. உள்ளே இருப்பது அதைவிட லேசாக இருந்தாலும் அந்த எடைக்குத்தான் கட்டணம். இன்வாய்ஸில் இந்தமுறை ‘மில்லிங் மெஷின் லீட் ஸ்க்ரூ, நட்’ என்றும், 8466.93 என்ற சுங்கக் குறியீட்டையும் போடச் சொன்னேன். முதல் ஆறு இலக்கம் பெரும்பாலும் எல்லா நாட்டுக்கும் பொது. பெட்டி எங்கும் நிற்காமல் வந்து சேர்ந்தது.

ஸ்க்ரூவின் முனை பேரிங்குகளை மட்டும் வெளிநாட்டில் வாங்கவில்லை. அவற்றின் மேலேயே எண் பொறித்திருக்கிறது, எந்த நல்ல பேரிங் வியாபாரியிடமும் கிடைக்கும். பெல்ட்டும் அப்படித்தான். அந்த மெஷினுக்கென்றே செய்த பாகத்துக்கு மட்டும் கடல் தாண்டிப் போனால் போதும்.

பொருத்தி முடிக்க ஒரு முழு நாள் ஆனது. நட் இரண்டு துண்டு. ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, டேபிளை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓட்டி, எங்கேயும் கனக்காத இடத்தில் பூட்டினேன். டயல் கேஜில் ஆட்டம் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி 0.1. எண்ட்மில் உடைந்த அதே வெட்டை, அதே திசையில், இம்முறை மெல்லிசாக எடுத்தேன். டேபிள் என் கை நகர்த்திய அளவுக்கு மட்டும் நகர்ந்தது.

முதலில் வந்த நட்டை, இதே மெஷின் வைத்திருக்கும் நண்பர் கேட்டார். கொடுப்பதற்கு முன் வெர்னியரோடு போய் அவர் ஸ்க்ரூவில் பத்து மரையை அளந்தேன். 50.8.