பாதி டேங்கில் நின்றுபோகும் க்ளோ என்ஜின்: நீடிலைத் தொடும் முன் பார்த்தவை

மாடல் விமானத்தில் 7.5 சிசி (.46 கன அங்குலம்) டூ-ஸ்ட்ரோக் க்ளோ என்ஜின் (தீப்பொறிக்குப் பதில், கனன்றுகொண்டே இருக்கும் பிளக் இழையால் எரிபொருளைப் பற்றவைப்பது), 11x6 அங்குல ப்ரொபெல்லர். உடனே ஸ்டார்ட் ஆகும், முழு த்ராட்டிலில் நன்றாகவே இழுக்கும். டேங்க் பாதி இறங்கியதும் சத்தம் திடீரென்று கூர்மையாகி, ஓரிரு நொடியில் நின்றுவிடும். ஐடிலிலும் (த்ராட்டிலைக் குறைத்து மெதுவாக ஓடவிடும்போதும்) ஒரு நிலையில் நிற்காமல் ஆர்பிஎம் (சுழலும் வேகம்) தானாக ஏறி இறங்கும்.

நிற்பதற்கு முன் ஆர்பிஎம் ஏறினால் லீன், அதாவது எரிபொருள் போதவில்லை. கொழகொழவென்று புகை கக்கி, மெல்ல இறங்கி நின்றால் ரிச், அதாவது எரிபொருள் அதிகம். இது லீன்தான். உடனே நீடிலை (கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) திறக்கத்தான் கை போகும். ஆனால் எங்கோ காற்று உள்ளே புகுவதால் லீன் ஆகிறது என்றால், நீடிலைத் திறப்பது அதை மூடி மறைக்கத்தான் உதவும். முழு டேங்கில் ரிச்சாக இருமும், கடைசியில் பழையபடி லீன் ஆகும். அதனால் நீடில் கடைசி வேலை.

முதலில் மலிவானவை. புது பிளக் போட்டேன். பழைய பிளக் கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது எதற்கும் அத்தாட்சி அல்ல. இக்னைட்டரை (ஸ்டார்ட் செய்யப் பிளக்கைச் சூடாக்கும் பேட்டரி) கழற்றியதும் ஆர்பிஎம் சட்டென்று விழுகிறதா என்பதே சோதனை. விழுந்தால் பிளக் தேய்ந்திருக்கும், அல்லது கலவை ரிச். பிறகு சீல் உடைக்காத கேனிலிருந்து எரிபொருள்: 10% நைட்ரோ (நைட்ரோமீத்தேன்), 20% எண்ணெய், மீதி மெத்தனால். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மூடி சரியாக மூடாத கேனை நம்ப முடியாது. இரண்டையும் மாற்றியும் பாதி டேங்கில் அதே கதை.

அளவு குறையக் குறையத் தொந்தரவு வந்தால் டேங்கைத்தான் திறக்க வேண்டும். உள்ளே க்ளங்க் (எரிபொருள் இருக்கும் பக்கம் சாய்ந்து அதை உறிஞ்ச உதவும் சிறு எடை) தொங்கும் சிலிக்கோன் டியூப், பித்தளைக் குழாயில் மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கீறல். குழாயை வெட்டியபின் விளிம்பை உப்புத்தாளால் தேய்க்காமல் விட்டால் அது பிளேடு மாதிரி டியூபை அறுக்கும். கீறல் எரிபொருளுக்குள் மூழ்கியிருக்கும்வரை பிரச்சினை தெரியாது. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் எரிபொருளோடு காற்றும் சேர்ந்து போகும். என்ஜின் ஓடும்போது கார்புரேட்டருக்குப் போகும் டியூபில் குமிழி வரிசையாக ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

விளிம்பைத் தேய்த்து, புது சிலிக்கோன் டியூப் மாட்டினேன். டியூப் நீளம் முக்கியம்: க்ளங்க் எல்லாப் பக்கமும் தடையின்றி ஆட வேண்டும், பின்சுவரில் ஒட்டக்கூடாது. மூடியபின் ஒரு குழாயை அடைத்து, மறு குழாயில் ஊதி, டேங்கைத் தண்ணீரில் அமுக்கினால் ரப்பர் ஸ்டாப்பர் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். டேங்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைக்கவும். உடலில் நேராக முட்டினால் அதிர்வில் எரிபொருள் நுரைக்கும், நுரை என்றால் மறுபடி காற்று. டேங்கின் நடுமட்டம் நீடிலின் மட்டத்திலோ, ஒரு சென்டிமீட்டர் கீழேயோ இருக்கட்டும். மஃப்ளரிலிருந்து டேங்குக்கு வரும் பிரஷர் டியூபும், மஃப்ளர் இணைப்பின் போல்ட்டும் தளர்ந்திருந்தால் அதுவும் லீன் ஆக்கும்.

இப்போது டேங்க் முழுதும் ஓடியது. ஐடில் மட்டும் அலைந்துகொண்டே இருந்தது. ஓடும்போது பின்பக்கமிருந்து, ப்ரொபெல்லருக்குக் கை எட்டாமல், சிரிஞ்சால் கார்புரேட்டரின் கழுத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அந்த நொடியே ஐடில் மாறியது. காற்று அங்கேதான் புகுந்துகொண்டிருந்தது. கழுத்திலிருந்த ஓ-ரிங் (காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) தட்டையாகிக் கல்லாகியிருந்தது. அதை மாற்றி, கார்புரேட்டரைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே கிளாம்ப் ஸ்க்ரூவை இறுக்கினேன். பேக்பிளேட் (என்ஜினின் பின்மூடி) ஸ்க்ரூ நான்கையும் குறுக்குக் குறுக்காக ஒரு சுற்று இறுக்கிப் பார்த்தேன். அங்கே ஈரம் இல்லை.

இதற்குப் பிறகுதான் நீடில். முழு த்ராட்டிலில் உச்ச ஆர்பிஎம் வரை மூடி, அங்கிருந்து சுமார் 300 ஆர்பிஎம் குறையும்வரை திறக்கவும். விமானத்தை மூக்கு மேலே பார்க்க 10 நொடி தூக்கிப் பிடித்தால் சத்தம் சற்று ஏறி நிலைக்க வேண்டும். தொய்ந்தால் இன்னும் இரண்டு க்ளிக் திறக்கவும். ஐடிலுக்கு, கார்புரேட்டருக்குப் போகும் எரிபொருள் டியூபை நெரித்துப் பார்ப்பது போதும். நெரித்ததும் உடனே செத்தால் லோ-எண்ட் (ஐடிலுக்கான கலவை) லீன். வெகுநேரம் ஓடி, ஆர்பிஎம் ஏகத்துக்கு ஏறினால் ரிச். மூன்று நான்கு நொடி ஓடி, லேசாக ஏறி நின்றால் சரி. லோ-எண்ட் ஸ்க்ரூவை ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். அதை மாற்றினால் முழு த்ராட்டிலை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கேனை மூடி தள்ளி வைத்துவிட்டே இதெல்லாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடானபின் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடித்தால், பிளக் துளைவழி சில சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றவும். போன கம்ப்ரஷன் திரும்பி வந்தால் பிஸ்டனும் லைனரும் (சிலிண்டரின் உள்ளுறை) தேய்ந்துவிட்டன. அந்த என்ஜினில் எந்த நீடிலும் வேலை செய்யாது.