ஆரோ ரயிலடியில் பழுக்கும் ஒயின்

ஸ்பெயினின் வடக்கே ரியோஹா வட்டாரத்தில், பில்பாவோவிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது இந்தச் சிறிய ஊர். பெயர்ப்பலகையில் ‘ஹாரோ’ என்றிருந்தாலும் ஊர்க்காரர் வாயில் அது ‘ஆரோ’தான். ஓக் மரப் பீப்பாயில் பழுத்த சிவப்பு ஒயினை அறிய விரும்புகிறவர் முதலில் போகவேண்டிய இடம் இதன் ரயிலடி.

ரயில் பாதை இங்கே 1863-இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வேர்ப்பேன் பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. சரக்கு தேடி, பிரான்ஸின் ஒயின் வட்டாரமான போர்தோவின் வணிகர்கள் மலை தாண்டி வந்தார்கள். பீப்பாயை உருட்டி ரயிலில் ஏற்ற வசதியாக நிலையத்தை ஒட்டியே கிடங்குகள் எழுந்தன: லோபெஸ் தே எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890. மூகா பிற்பாடு வந்து சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். முன்பதிவு செய்துகொண்டு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கிடங்கில் நாக்கு துவர்ப்பில் மரத்துப்போயிருக்கும். போகும் நாளில் வாசனைத் திரவியம் வேண்டாம், கிளம்புமுன் காபியும் வேண்டாம்.

நிலவறையில் பார்க்கவேண்டியது 225 லிட்டர் பீப்பாய். ஒன்றில் 300 பாட்டில் ஒயின் அடங்கும். அமெரிக்க ஓக் வெனிலாவும் தேங்காயும் கலந்த மணம் தரும், பிரெஞ்சு ஓக் கிராம்புச் சாயல் தரும். அமெரிக்க மரத்தை ரம்பத்தால் அறுக்கலாம். பிரெஞ்சு மரத்தை நார் ஓடும் வழியிலேயே பிளக்கவேண்டும், குறுக்கே வெட்டினால் ஒழுகும். கழிவு அதிகம், அதனால் விலையும் அதிகம். வழிகாட்டியிடம் “பீப்பாய்க்கு எத்தனை வயது?” என்று கட்டாயம் கேளுங்கள். புதிய பீப்பாய் ஒயினுக்கு மணத்தை ஏற்றும். பழையதில் மணம் தீர்ந்திருக்கும், அது செய்வதெல்லாம் காற்றை மெல்ல மெல்ல உள்ளே விடுவதுதான். பழைய பாணி ரியோஹாவின் நயம் அந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது என்பேன்.

பழைய முறையில் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயினை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு இறுப்பார்கள். இதற்கு ‘த்ராஸியேகா’ என்று பெயர். வரும் ஒயினைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் பார்ப்பார்கள். கலங்கல் தெரிந்த நொடியில் நிறுத்திவிடுவார்கள், வண்டல் அடியிலேயே தங்கிவிடும். சில கிடங்குகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதும் உண்டு. அதன் புரதம் முரட்டுத் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். மரத்தின் வழியே ஒயின் ஆவியாவதால் பீப்பாயின் தலைப்பகுதி காலியாகிக்கொண்டே வரும். அதை நிரப்பாமல் விட்டால் காற்றோடு புளிக்காடிக் கிருமி சேர்ந்து, நகப்பூச்சு வாடை கிளம்பும். பீப்பாயைச் சரியாகக் கழுவாவிட்டால் குதிரை லாய வாடை வரும்.

ரியோஹா ஒயின் பல திராட்சை வகைகளின் கலவை. அதில் பெரும்பங்கு தெம்ப்ரானில்யோ, பல கிடங்குகளில் எழுபது சதவீதத்துக்கு மேல். அதன் புளிப்பு சுமார்தான். கர்னாச்சா கனமும் சூடும் தரும். கிராஸியானோவும் மஸுவேலோவும் சில சதவீதமே சேரும். ஆனாலும் ஒயின் இருபது ஆண்டு தாங்குவதற்கான புளிப்பை அவைதான் கொடுக்கின்றன.

பாட்டிலின் பின்புற முத்திரையில் நிறத்தைப் பாருங்கள், ஒயின் எவ்வளவு காலம் பழுத்தது என்று அது சொல்லும். சிவப்பு என்றால் கிரியான்ஸா: மொத்தம் இரண்டு ஆண்டு, அதில் ஓராண்டாவது ஓக்கில். அடர் மாதுளை நிறம் ரெஸர்வா: மூன்று ஆண்டு, அதில் ஓராண்டாவது ஓக்கில். நீலம் கிரான் ரெஸர்வா: ஐந்து ஆண்டு, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு ஓக்கில், இரண்டு ஆண்டு பாட்டிலில். இவை குறைந்தபட்ச அளவுகள்தாம். பல கிடங்குகள் இதைவிட அதிகம் காத்திருக்கின்றன.

ஒரே கிடங்கின் மூன்றையும் இளையதிலிருந்து மூத்தது வரை வரிசையாகச் சுவையுங்கள். ஒவ்வொன்றும் 50 மி.லி. போதும். 16 முதல் 18 டிகிரி சூடு சரி. அறை வெப்பமாக இருந்தால் இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தெடுங்கள். குவளையைச் சுழற்றாமல் முதலில் முகருங்கள். நனைந்த அட்டை வாடை வந்தால் தக்கை கெட்டது, வேறு பாட்டில் கேட்கலாம். பிறகு வெள்ளைக் காகிதத்தின் மேல் குவளையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். கிரியான்ஸாவில் கருஞ்சிவப்பு, கிரான் ரெஸர்வாவில் செங்கல் நிறம். சுழற்றி முகர்ந்தால் இளையதில் செர்ரியும் வெனிலாவும் வரும், மூத்ததில் தோல், புகையிலை, உலர்ந்த அத்தி. விழுங்கியபின் பத்து எண்ணுங்கள். பழச்சுவை நாக்கில் தங்கியிருந்தால் அந்த ஒயின் இன்னும் வளரும். மரத்தூள் கசப்பும் வறட்சியும் மட்டும் தங்கியிருந்தால், எத்தனை ஆண்டு வைத்தாலும் தேறாது.

வீட்டில் வைத்து முதிர்விக்க கிரியான்ஸாவை வாங்குவது வீண். பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடிக்கவேண்டியவை. வைத்திருக்கத் தகுந்தது நல்ல ஆண்டின் ரெஸர்வாவும் கிரான் ரெஸர்வாவும். 12 முதல் 14 டிகிரி, இருட்டு, அதிர்வில்லாத இடம், பாட்டில் படுத்த நிலை, தக்கை காயாத அளவு ஈரப்பதம். சென்னைக்குக் கொண்டுபோகிறவர்கள் அலமாரியிலோ பரணிலோ வைக்காதீர்கள். முப்பது டிகிரியில் ஒரு கோடை கழிந்தாலே வெந்த பழவாடை வந்துவிடும், தக்கையும் மேலே தள்ளும். ஒயினுக்கென்ற குளிர்பெட்டி இல்லாவிட்டால் பயண அலுப்புத் தீர இரண்டு வாரம் விட்டுக் குடித்துவிடுவதே நல்லது.

இருபது வயதுப் பாட்டிலைத் திறக்கும் முன் ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள். தக்கை நொய்ந்திருக்கும், அதைத் துளைக்காமல் இருபுறமும் நுழைந்து இழுக்கும் இரட்டைத் தகட்டுத் திறப்பானே நல்லது. கழுத்தடியில் விளக்கு வைத்து மெதுவாக இறுத்து, வண்டல் எட்டிப்பார்த்ததும் நிறுத்துங்கள். இளம் ஒயினைப்போல இதை மணிக்கணக்கில் காற்றாட விடக்கூடாது, மணம் போய்விடும். திராட்சைச் சுள்ளித் தணலில் வாட்டிய ஆட்டுக்குட்டி விலாத் துண்டுகள் மேசைக்கு வந்தபிறகு இறுத்தால் போதும்.