எங்கயும் போகாத அம்பாசமுத்திரம் ட்ரிப்

போன சித்திரை விசுவுக்கு நாலு நாள் லீவு கிடைச்சுது. பெரியம்மா வீட்டுக்கு அம்பாசமுத்திரம் போறோம்னு முடிவானதுமே நான் ஒரு பெரிய லிஸ்ட் போட்டுட்டேன், பாபநாசம் அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு, காரையாறு டேம், முடிஞ்சா மாஞ்சோலைன்னு. இப்பவே சொல்லிடறேன், அதுல ஒண்ணு கூட பாக்கல.

எழும்பூர்ல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி காலைல திருநெல்வேலில இறங்கி செங்கோட்டை பாசஞ்சர் பிடிச்சோம். இந்த ஒரு மணி நேர ரூட்டுதான் எனக்கு எப்பவுமே பிடிச்சது. பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி (நாதஸ்வரம் அருணாசலம் ஊருன்னு அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு, இப்ப நான் மகள்கிட்ட சொல்றேன், அவளும் நான் மாதிரியே ஜன்னலப் பாத்துக்கிட்டு ம்ம் கொட்டறா), வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அப்புறம் தாமிரபரணி பாலம் தாண்டினா நம்ம ஸ்டேஷன். பிசான நெல்லு அறுத்து முடிச்ச வயலெல்லாம் தாளா கிடந்துது, வாழை மட்டும் பச்சை, பின்னாடி மலை.

"என்னட்டி, எலும்பும் தோலுமா வந்து நிக்க, மாப்ள வாங்க"ன்னு பெரியம்மா தார்சாவுலயே (முன்பக்க வராந்தா) வரவேற்பு. எனக்கு எழுபது கிலோ. அவங்க கண்ணுக்கு நான் எப்பவுமே எலும்பும் தோலும்தான்.

மறுநாள் காலைல ஆறு மணிக்கு வரேன்னு சொன்ன கார்காரர் ஏழாச்சு, ஏழரையாச்சு, வரவே இல்ல, போன் பண்ணா எடுக்கவும் இல்ல. எனக்கு வந்துதே கோவம். கருப்பட்டிக் காப்பிய எடுத்துக்கிட்டு புறவாசல் படில போய் உக்காந்தேன், யாரும் பேசாதீங்கங்கற முகத்தோட. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

பெரியம்மா வேப்பமரத்தடில ஒரு பழைய வேட்டிய விரிச்சு நாலு மூலைலயும் கல்லு வச்சிருந்தாங்க. ராத்திரியே விரிச்சது. அது மேல பூவா கொட்டிக் கிடந்துது, அரிசிப்பொரி மாதிரி, அதவிட சின்னதா. வேட்டிய அப்படியே சுருட்டிட்டு வந்து படில என் பக்கத்துல உக்காந்து சொளவுல போட்டு காம்பு, இலை, எறும்பெல்லாம் தள்ளி புடைக்க ஆரம்பிச்சாங்க. கை சும்மா இருக்குமா, நானும் பொறுக்க ஆரம்பிச்சேன். வேப்பம்பூ வாசனை பகல்ல அவ்வளவா தெரியாது, சாயங்காலத்துக்கு மேலதான் காத்துல ஒரு தேன் மாதிரி இறங்கும், முந்தின ராத்திரி நான் ஏதோ ரூம் ஸ்ப்ரேன்னுல்ல நினைச்சேன்!

"இது மூணு நாள் காயணும். கருத்துப் போச்சுன்னு பயப்படாத, கருத்தாதான் ரசத்துக்கு நல்லாருக்கும். ஒரு பாட்டில் ஒனக்கு, ஒரு பாட்டில் ஒங்க அம்மைக்கு."

அப்ப தலைக்கு மேல விர்ருனு ஒண்ணு போச்சு. புறவாசல் கூரைக்கு கீழ துணி காயப்போடற கம்பிக் கொடி இருக்கும், அதோட நடுவுல குப்பை சிக்கின மாதிரி ஏதோ தொங்கிச்சு. நான் பிச்சுப் போடலாம்னு எழுந்தேன், "ஏட்டி தொடாத!"ன்னு ஒரே சத்தம். தேன்சிட்டுக் கூடு. சிலந்தி வலை, நாரு, காஞ்ச சருகு, மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் ஒட்டி ஒட்டி ஒரு சுருக்குப்பை மாதிரி, வாசலுக்கு மேல சின்னதா ஒரு தாழ்வாரம் வேற. பாக்கறதுக்கு குப்பையா தெரியறதே அதுக்குப் பாதுகாப்பு போல. கட்டறது முழுக்க பொண்ணுதானாம், ஆணு மஞ்ச வயிறும் ஊதா கழுத்துமா மினுக்கிக்கிட்டு பக்கத்து செம்பருத்தில உக்காந்து சத்தம் போட்டுக்கிட்டு இருந்துது. இத வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவரு பேச்ச மாத்திட்டாரு. ஆனா நியாயமா சொல்லணும், அடை காக்கறதுல ஆணும் மாத்தி மாத்தி உக்காருமாம்.

பெரியம்மா ரெண்டு வாரமா அந்தக் கொடில ஒரு கர்ச்சீஃப் கூட காயப்போடல. ஈரப் புடவையெல்லாம் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கறாங்க, அந்த முட்டி வலியோட. கேட்டா, "சவத்த விடு, அது குஞ்சு பொரிச்சிட்டுப் போட்டும், துணி எங்க காஞ்சா என்ன".

மகள் அன்னைக்கு முழுக்க அந்தப் படிய விட்டு நகரல. அந்தச் சின்ன ஓட்டையிலேருந்து வளைஞ்ச மூக்கு மட்டும் எட்டிப் பாக்கும், அத பாக்கறதுக்கு ஒரு மணி நேரம் மூச்சு காட்டாம உக்காந்திருந்தா. வீட்டுல அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டா.

ஸ்கூல்ல கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கினேன், ஆனா சித்திரையும் வைகாசியும் இளவேனில்னு நான் நிஜமா நம்பினதே இல்ல. சென்னைல இருந்துக்கிட்டு எப்படி நம்பறது, மாசியிலயே ஏசி சர்வீஸ் பண்ணிடறோம். வசந்தம்னா ஜப்பான்ல பிங்க் கலர்ல பூக்கறதுன்னு போட்டோ பாத்துப் பாத்து மண்டைல ஏறிடுச்சு. இங்க புறவாசல்ல புங்கமரத்துல எண்ணெய் தடவின மாதிரி தளதளன்னு புதுத் தளிரு, மாமரத்துல கொத்துக் கொத்தா காய், பக்கத்து வீட்டு தென்னைல காக்கா கூடு, அதுல முட்டை வைக்கத்தான் குயில் ஜோடி காலைல நாலரைலேருந்து அந்தக் கத்து கத்துது. கத்தறது ஆண் குயிலாம், காக்காவுக்கு அது மேல அப்படி ஒரு ஆத்திரம், துரத்திக்கிட்டே இருந்துது. மாங்காவுக்கு உப்பும் மிளகாத்தூளும் ரெடியா இருக்கறதால எனக்கு ஜப்பான் மேல பொறாமை இல்ல.

வெயில் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பதினோரு மணிக்கு மேல முற்றத்துல கால் வைக்க முடியல. அந்த நேரத்துக்கு வீடே படுத்துரும், பட்டாசல்ல (நடுக்கூடம்) தரைய ஈரத்துணியால துடைச்சுட்டு பத்தமடைப் பாய் விரிச்சா அந்தக் கோரை முதுகுக்கு குளுகுளுன்னு இருக்கும், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் தின்னுட்டு படுத்தா எங்க மணிமுத்தாறு போறது. வெளிய கொளுத்தற அதே வெயில்தான் மாடில கூழ் வத்தலையும் மோர் மிளகாயையும் காய வச்சுக்கிட்டு இருக்கும், வீணாப் போறதில்ல.

சாயங்காலம் மல்லி மொக்கு பறிக்கறது என் வேலை. மார்கழில பெரியம்மா அந்தச் செடிய மொட்டையா வெட்டி விட்டிருந்தாங்களாம், இப்ப இலையவிட மொக்குதான் ஜாஸ்தி. தண்ணி தனியா ஊத்தறதே இல்ல, துவைக்கிற கல்லுலேருந்து ஓடற தண்ணி வாழைக்கும் சேம்புக்கும் போய் மிச்சம் மல்லிக்கு. வாழைநார்ல கட்ட எனக்கு இன்னமும் வரல, ரெண்டு முழம் கட்டினேன், பாதி வழிலயே உதிர்ந்துருச்சு.

ஒரே ஒரு நாள் ஆத்துக்குப் போனோம், அத வேணா சுத்திப் பாத்த கணக்குல வச்சுக்கலாம். கோடைங்கறதால தண்ணி முட்டளவுதான், ஆனா ஓடிக்கிட்டு இருந்துது, மருதமர நிழல்ல மீன் கால கடிக்க கடிக்க உக்காந்திருந்தோம்.

விசு அன்னைக்கு விடியக்காலம் கண்ண மூடச் சொல்லி ஒவ்வொருத்தரா கைய பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. தாம்பாளத்துல மாங்கா, பலா, வெள்ளரிக்கா, கொன்றைப்பூ, நகை, சில்லறை, நடுவுல கண்ணாடி. மகள் வழிலயே கண்ணத் திறந்துட்டா, முதல்ல பாத்தது ஃப்ரிட்ஜாம். ஆச்சிகிட்ட சொல்லாதன்னு சொன்னேன். ஆளுக்குப் புது நோட்டு கைநீட்டம். மத்தியானம் வெல்லமும் மாங்காயும் போட்டு வேப்பம்பூ பச்சடி, அதுல ஒரு துளிதான் தொட்டாரு வீட்டுக்காரர், ராத்திரி வேப்பம்பூ ரசத்த மட்டும் மூணு தடவை வாங்கிக் குடிச்சாரு.

கிளம்பறப்ப ரெண்டு பாட்டில் பூ, கூழ் வத்தல் ஒரு டின், மாங்கா ஒரு பை. கார்காரர் அப்பதான் போன் பண்றாரு, எங்கயாவது போகணுமான்னு.

வைகாசில ஒரு நாள் பெரியம்மா கூப்பிட்டாங்க. "குஞ்சு ரெண்டும் பறந்துட்டு, பிள்ளைகிட்ட சொல்லிரு"ன்னாங்க. அப்ப இனி கொடில துணி போடலாமேன்னேன். "கூடு நல்லாத்தான இருக்கு, மறுபடி வந்தாலும் வரும், பாப்போம்"னு சொல்லி போன வச்சுட்டாங்க.