எண்ணெய்க்குக் கொடுத்த சான்றிதழ்

அந்த லாட்டுக்கு, அதாவது ஒரு தொகுதித் துப்பாக்கிக் குழாய்களுக்கு, தரப் பரிசோதகனாக நான் கையெழுத்துப் போட்டது சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகச் சொல்லலாம்.

துருவைத் தடுக்க மாங்கனீஸ் பாஸ்பேட் பூச்சு ஏற்றிய ரைஃபிள் பேரல்கள். உப்புநீரைப் பனிபோலத் தெளித்துத் துரு பிடிக்கிறதா என்று பார்க்கும் சால்ட் ஸ்ப்ரே சோதனைக்காக, அதே பூச்சுள்ள மாதிரித் துண்டுகளை எண்ணெயில் முக்கி, வடியவிட்டு, பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தோம். 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி, வழக்கமானதுதான். புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "சார், இதுல நாம சோதிக்கிறது பூச்சையா, எண்ணெயையா?"

"ரெண்டையும்தான் தம்பி. ஸ்பெக்ல, அதான் தர விவரக்குறிப்புல, எண்ணெயோடதான் போட்டிருக்கு."

"அப்போ துடைச்சிட்டா?"

"துடைக்கக் கூடாது."

அவ்வளவுதான் பேச்சு. துண்டுகள் தேறின, பேரல்கள் போயின. ஆனால் அந்தக் கடைசி பதில் இன்னும் குடைகிறது. துப்பாக்கியைக் கையில் வாங்குகிறவர் முதலில் செய்கிற வேலையே துடைப்பதுதானே.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பாஸ்பேட் படலம் நுண்ணிய படிகங்களால் ஆனது, இடையெல்லாம் துளை. அது தனியாக நின்று தண்ணீரைத் தடுப்பதற்கு வந்ததல்ல. எண்ணெயைக் குடித்துப் பிடித்துவைக்க வந்தது. உலர்ந்த துண்டைப் பெட்டியில் போட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிது. எண்ணெயோடு என்றால் ஒரு நாள்கூட ஓடும். இரும்பைக் கருநீலமாக்கும் ப்ளூயிங் முறையை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். கொதிக்கும் காஸ்டிக் (கடுங்காரக்) குளியலில் இரும்பின் மேற்பரப்பு ஒரு மைக்ரான் அளவுக்கு மேக்னடைட்டாக மாறுகிறது. அதுவும் இரும்பு ஆக்சைடுதான். சிவப்புத் துருவுக்குக் காவலாகக் கறுப்புத் துருவை நிறுத்திவைப்பதுபோல. எண்ணெய்த் துணி இல்லாமல் அதுவும் நிற்காது. ஆக, எண்ணெயோடு சோதிப்பது ஏமாற்று வேலை அல்ல.

சரி, எண்ணெய் போட்டால் எல்லாம் முடிந்ததா? பொட்டாசியம் குளோரேட் கலந்த பழைய வகைப் பிரைமர் (தோட்டாவின் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி) உள்ள தோட்டாக்களைச் சுட்டால் பேரலுக்குள் பொட்டாசியம் குளோரைடு படியும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு அது. எண்ணெய் அதைக் கரைக்காது, மேலே மூடித்தான் வைக்கும். கழுவ வெந்நீர் வேண்டும். ஆனால் அது பேரலின் உள்பக்கத்து விவகாரம், அங்கே ஹார்ட் குரோம் என்ற கடினமான உலோகப் பூச்சு வேறு இருக்கிறது, என் படிவத்தில் வெளிப்பக்கம் மட்டும்தான்... பாருங்கள், எல்லைக்கோடு எவ்வளவு சீக்கிரம் எனக்குக் கிடைத்துவிடுகிறது!

உருகிய உப்பில் முக்கி எடுக்கும் சால்ட் பாத் நைட்ரைடிங் பற்றி அன்றே பேச்சை எடுத்திருக்கலாம். அதில் எஃகின் மேற்பரப்பே இரும்பு நைட்ரைடாக மாறுகிறது. துணியால் துடைத்தெடுக்க முடியாது. ஆனால் 570, 580 டிகிரி வரை சூடாக்க வேண்டும். பேரல் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் டெம்பர் ஆகியிருந்தால் (கடினமாக்கியபின் மறுசூடு பெற்றிருந்தால்) உள்ளே கடினம் இறங்கிவிடும். வெப்பப் பதப்படுத்தலையே திருப்பி யோசிக்க வேண்டிய மாற்றம், தரப் பரிசோதகன் ஒருவன் சொல்லி நடக்கிற காரியமல்ல. நல்ல காரணங்கள்தான். என்ன, பையனுக்குப் பதில் சொன்னபோது இவற்றில் ஒன்றுகூட என் மனதில் இல்லை. எல்லாம் பிறகு சேர்த்தவை.

அப்புறம் வடிவமைப்புப் பிரிவில் கேட்டுப் பார்த்தேன், துடைத்தால் மறுபடி எண்ணெய் பூச வேண்டும் என்று பெட்டியில் ஒரு சீட்டாவது ஒட்டலாமே என்று. அது பயனர் கையேட்டில் இருக்கிறதே என்றார்கள். புரட்டிப் பார்த்தேன், இருக்கத்தான் செய்கிறது. எனக்கு ஸ்பெக் இருந்த மாதிரி அவர்களுக்குக் கையேடு இருக்கிறது, அதற்குமேல் வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. அவர்கள் சொல்வது தவறு என்றும் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு லாட்டிலும் எண்ணெய் போடாத துண்டு ஒன்றையும் கூடவே வைக்கச் சொல்கிறேன். மதியத்துக்குள் சிவந்துவிடும். அறிக்கையில் அது சேராது. தெரிந்த முடிவுக்கு எதற்கு ஒரு துண்டை வீணாக்குகிறீர்கள் என்று மேலாளர் கேட்டார். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.