இறால் ஆகாதவருக்கு ஊசியும் ஆகாதா?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். 2021 பிப்ரவரியில் இங்கே கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியதிலிருந்து, ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்டது "எனக்குப் போடலாமா, கூடாதா?" என்பதைத்தான். பூஸ்டர் பேச்சு வந்தால் இன்றும் அதே கேள்விதான்.

இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இரண்டுக்கும் எங்களிடம் மருந்து வாங்கும் ஒரு பெரியம்மா, "இறால் சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிச்சிடும்மா. அதான் போன்ல மைசெஜாத்ரா ஆப்ல ஊசிக்குத் தேதி வந்தும் போகல" என்றார். இந்தப் பயம் எங்கிருந்து கிளம்பியது என்று சொல்கிறேன். 2020 டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் ஃபைசர் ஊசி போட ஆரம்பித்த அன்றே, சுகாதார ஊழியர்கள் இருவருக்கு ஒவ்வாமை வந்தது. மருந்து, உணவு, தடுப்பூசி என எதற்காவது கடும் ஒவ்வாமை வந்தவர்கள் போட வேண்டாம் என்று அங்கே உடனே அறிவித்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே அதைச் சுருக்கி, முந்தைய டோஸுக்கோ ஊசியில் இருக்கும் பொருளுக்கோ கடும் ஒவ்வாமை வந்தவர்கள் மட்டும் தவிர்த்தால் போதும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் வீடு வீடாகச் சுற்றியது முதல் செய்திதான்.

அந்த ஊசியில் இறாலும் இல்லை, முட்டையும் இல்லை. கொரோனா வந்தால் அதிகம் அவதிப்படக்கூடிய ஒருவர், இறாலுக்காக ஒதுங்கி நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. கடையில் கூட்டம் இருந்தும் அவரை உட்கார வைத்துப் பேசினேன்.

உண்மையிலேயே நிறுத்தி யோசிக்க வேண்டியவர் பல நேரம் பயமே இல்லாமல் வருவார். "அலர்ஜியா? எனக்கு ஒண்ணும் கிடையாது" என்று அடித்துச் சொன்னார் ஒரு மாமா. அப்புறம் பேச்சுவாக்கில், குடலில் கேமரா விட்டுப் பார்ப்பதற்காக வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த பொடியைக் கரைத்துக் குடித்ததும் உதடு வீங்கி, மூச்சு முட்டி, அவசரப் பிரிவுக்கு ஓடிய கதையைச் சொன்னார். அது மருந்துக் கணக்கில் வரும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட பொடிகள் பலவற்றில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் இருக்கும். ஃபைசர் ஊசியிலும் அது உண்டு. மாமாவை முதலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அப்போது இங்கே போட்டுவந்த இன்னொரு ஊசியான சினோவேக்கில் அந்தப் பொருள் கிடையாது என்பதால், அவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை.

ஃபைசர் மாதிரி ஊசி போட்ட சில நாளில் நெஞ்சு வலித்து, இதயத் தசையில் அழற்சி என்று டாக்டர் உறுதி செய்திருந்தால், இதய மருத்துவரைக் கேட்காமல் அடுத்த டோஸுக்குப் போகக் கூடாது. இது இளம் ஆண்களிடம்தான் அதிகம், அதுவும் பெரும்பாலும் இரண்டாவது டோஸுக்குப் பிறகு.

தள்ளிப் போடுவது வேறு விஷயம். நல்ல காய்ச்சல் அடித்தால் தணியட்டும், கொரோனா வந்திருந்தால் குணமாகட்டும். சாதாரணச் சளிக்குத் தள்ள வேண்டாம். புற்றுநோய்க்கோ மூட்டு வாதத்துக்கோ எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஊசி ஆபத்து என்று நினைக்கிறார்கள். இந்த ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து ஏற்றிய கையோடு போட்டால் ஊசி சரியாக வேலை செய்யாது, அதனால் நிபுணரிடம் நாள் கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் போதும்.

"அலர்ஜி இருக்கு" என்ற ஒற்றை வரியை வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. எதைச் சாப்பிட்டபோது, எவ்வளவு நேரத்தில், தடிப்பு மட்டுமா, மூச்சும் முட்டியதா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். மருந்தின் பெட்டியோ பாக்கெட்டோ வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பெயர் ஞாபகமில்லாவிட்டாலும் அதில் அச்சடித்திருக்கும், நான் படித்துப் பார்த்துக்கொள்கிறேன்.