ஓமோல் படத்தைத் தேடிப் போனால் ட்ரோல்ஹெத்தானில் இறங்குங்கள்

ஸ்வீடன் இயக்குநர் லூகாஸ் மூடிசனின் முதல் முழுநீளப் படம் 'ஃபக்கிங் ஓமோல்' (1998). வெளிநாடுகளில் 'ஷோ மி லவ்' என்ற பெயரில் ஓடியது. ஸ்வீடனின் ஓமோல் என்ற சிற்றூரில் நடப்பதாக வரும் கதை: ஊரே சலித்துப்போன எலின், யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆக்னஸ் என்ற இரண்டு பள்ளி மாணவிகளின் காதல். படம் பார்த்த கையோடு ஓமோலுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் அங்கே ஏமாந்துதான் போவார்கள். படப்பிடிப்பில் பெரும்பகுதி நடந்தது ட்ரோல்ஹெத்தானில். மேற்கு ஸ்வீடனின் பட நிதி அமைப்பான ஃபில்ம் ஈ வெஸ்ட் இயங்குவது அங்கிருந்துதான். 'டான்சர் இன் தி டார்க்', 'டாக்வில்' படங்களும் பிறகு அங்கே வந்தன.

கோத்தன்பர்க் நகரிலிருந்து ட்ரோல்ஹெத்தானுக்கு ரயிலில் சுமார் 40 நிமிடம். அதே தடத்தில் இன்னும் ஒரு மணி நேரம் போனால் ஓமோல். அந்தப் பக்கம் ரயில்கள் குறைவு. திரும்பும் ரயிலைப் பார்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். டிசம்பரில் மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும்.

ட்ரோல்ஹெத்தானில் படத்துக்கென்று பெயர்ப்பலகைகளை எதிர்பார்க்க வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்புகள், சைக்கிள் பாதைகள், சாலைப் பாலங்கள் எனச் சாதாரண இடங்களைத்தான் மூடிசன் எடுத்துக்கொண்டார். படத்தில் ஊரைவிட்டு ஓட நினைத்து எலினும் ஆக்னஸும் ஒரு காரை மடக்கி ஏறுவார்கள். வண்டி நின்றுபோகும், ஓட்டுநர் இறங்கி எஞ்சினைப் பார்ப்பார். ரேடியோவில் ஃபாரினர் குழுவின் காதல் பாட்டு. பின்சீட்டில் முத்தம். உடனே இறக்கிவிடப்படுவார்கள். ஒளிப்பதிவாளர் உல்ஃப் பிரான்டோஸின் சட்டென்ற ஜூம்கள்தான் இத்தனை நெருக்கத்தைத் தருகின்றன. முதல் படத்திலேயே இவ்வளவு துணிவாக எளிமையை நம்பியவர்கள் அபூர்வம். ஸ்வீடனின் திரைப்பட விருதுகளான குல்ட்பாகேயில் படம், இயக்கம், திரைக்கதை மூன்றும் இதற்கே. நடிகை விருதை ரெபெக்கா லில்யேபெரி, அலெக்சாண்ட்ரா டால்ஸ்ட்ரோம் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

பள்ளிகளுக்குள் நுழைவதோ மாணவர்களைப் படமெடுப்பதோ கூடாது. அந்த நேரத்தை ட்ரோல்ஹெத்தான் அருவிக்குக் கொடுங்கள். யோத்தா ஆற்றின் தண்ணீர் மின்நிலையத்துக்குத் திருப்பப்படுவதால் பாறைகள் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். கோடையில் குறிப்பிட்ட நாட்களில் பிற்பகல் 3 மணிக்கு மதகு திறப்பார்கள். நொடிக்கு 3 லட்சம் லிட்டர், 32 மீட்டர் இறக்கம். ஆஸ்கார் பாலத்தில் முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள்.

ஓமோலுக்கும் போகலாம், படத்தை மறந்துவிட்டு. 1901 தீ விபத்துக்குத் தப்பிய பழைய மரவீடுகளும் வேனெர்ன் ஏரித் துறையும் அரை நாளுக்குப் போதும்.